டாக்டர் ஸீக்லர் போடாத கையெழுத்து

நியூஹைம், வடக்கு டகோட்டா
ஜனவரி 17, 2008

அடி கோரின்,

டாக்டரம்மாவுக்கு அக்கா மார்லிஸ் எழுதுவது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நீ கழுத்தைச் சாய்த்துப் படி. போனில் பேசலாம்தான். ஆனால் என் சாப்பாட்டுக் கடை போன் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. நான் ஹலோ என்றாலே ஊர் முழுக்கக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டுகிறது.

முதலில் சண்டை. கிறிஸ்துமஸுக்கு வந்தாயே, சர்ச் விருந்தில் ஒருத்தருக்காவது நீயாக வாயைத் திறந்து வணக்கம் சொன்னாயா? அவர்களாக வந்து பேசினால் பல்லைக் காட்டினாய், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். ஆல்வின் மாமா கேட்கிறார், "பிஸ்மார்க்ல உன் தங்கச்சிக்குக் கழுத்துல ஏதாச்சும் ஆபரேஷன் பண்ணாங்களா? இந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்குதே!" நான் என்னத்தைச் சொல்ல?

அப்புறம், உன் ஆபீஸ் பெரியவர் டாக்டர் ஸீக்லர். புதன்கிழமை ஆனால் மனுஷன் நம் ஏரிக்கு வந்துவிடுகிறார். உறைந்த ஏரி மேல் சிவப்புப் பெயின்ட் அடித்த குடில், உள்ளே அடுப்பு, பனியில் ஓட்டை போட்டுத் தூண்டிலைத் தொங்கவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். சாப்பாடு என் கடையில். நேற்று ஒரு கதை சொன்னார் பார், ஊரே உருண்டது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன். பொண்டாட்டி செத்துப்போய் ஒரு வருஷம் ஆச்சு. தினம் காலையில டிரக்கை ஸ்டார்ட் பண்ணிட்டு, பக்கத்து சீட்டுக்கு ஹீட்டரைப் போடறான். அவளுக்குக் குளிருமாம்! 'போதுமா கண்ணு, இன்னும் ஒரு புள்ளி ஏத்தட்டா?'ன்னு கேக்கறான். சீட்டு பதில் சொல்லலேன்னு டாக்டர்கிட்ட வந்துட்டான்!"

புருவத்தை ஏற்றி ஏற்றி அவர் சொன்ன விதத்தில் நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், மைலோ ஹாய்பெல் பாதி நெஃப்லா சூப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தார். மாவுருண்டையும் கிழங்கும் மிதக்கிற என் சூப்பை மிச்சம் வைத்த முதல் ஆள் அவர்தான். வெளியே டிரக்கில் ஏறாமல் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

உன் பயிற்சி வருஷத்துக்கு ஸீக்லர் எப்போது கையெழுத்துப் போடுவார்? அவர் போட்டால்தானே மாநில வாரியம் உனக்கு லைசென்ஸ் தரும்? சீக்கிரம் வாங்கு. வீட்டுக்கு ஒரு டாக்டர் இருக்கிறாள் என்று நானும் கொஞ்சம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நடக்க வேண்டாமா?

உன் மார்லிஸ்


பிஸ்மார்க்
ஜனவரி 22, 2008

அக்கா,

அந்தக் கதையை இனி யாரிடமும் சொல்லாதே. யாராவது ஆரம்பித்தால் பேச்சை மாற்று. அதோடு எந்தப் பெயரையும் சேர்த்து எனக்கு எழுதாதே. ஏன் என்று கேட்காதே. நீ கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது.

வணக்கம் சொல்லாத காரணத்தைச் சொல்லலாம். மனநல ஆலோசனைக்கு எங்களிடம் வருகிறவரை வெளியே பார்த்தால் நாங்களாகப் போய்ப் பேசக் கூடாது. அவர் முதலில் பேசினால் பேசலாம். நம் ஊரில் இருப்பது முந்நூறு பேர். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு நாலு பேரை மட்டும் விட்டேன் என்று வைத்துக்கொள். அந்த நாலு பேர் யார் எவர் என்று ஆல்வின் மாமா காபி ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். அதனால் எல்லோரையும் விட்டுவிட்டேன். திமிர் என்று பேசிக்கொள்ளட்டும்.

ஸீக்லர் விஷயம் இது. உரிமம் வரும் வரை நான் பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் வாரம் ஒரு மணி நேரம் அவரிடம் சொல்லி, அவர் கேட்டுத் திருத்த வேண்டும். வருகிறவர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். அந்த மணி நேரம் புதன்கிழமை. இந்தக் குளிர்காலத்தில் புதன்கிழமைகளில் அவர் நாற்காலி காலிதான். தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். தேர்வுகள் எல்லாம் முடித்துவிட்டேன். மார்ச் கடைசியில் அவர் போட வேண்டிய ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி.

அவர் திரும்ப வந்தால் என்ன பேசினார் என்று எழுது. சிரிக்காமல் கேள்.

கோரின்


நியூஹைம்
பிப்ரவரி 4, 2008

கோரின்,

நான் படிக்காதவள், செவிடு இல்லை. உன் கடிதத்தை இரண்டு தடவை நின்றுகொண்டு படித்தேன், மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆளுக்கு அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. நீ ஒன்றும் சொல்லவில்லை, நான் ஒன்றும் கேட்கவில்லை. பெயரும் எழுத மாட்டேன். சூப்பை மிச்சம் வைத்தவர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் இப்போது டிரக்கைத் தொடுவதில்லை. மைனஸ் இருபதில் தானியக் கிடங்குக்கு நடந்தே போகிறார். காது நுனி கறுத்துத் தோல் உரிந்திருக்கிறது. டிரக்கில் உட்கார்ந்தால் எதிரில் வருகிற ஆளின் கண் பக்கத்து சீட்டுக்குப் போகிறதாம். பிஸ்மார்க்கிலிருந்து வந்த ஒரு உறையைப் பிரிக்காமலே குப்பையில் போட்டார், தபாலாபீஸில் என் கண் முன்னால்.

நேற்று என் பின்வாசலுக்கு வந்து எனக்கு மட்டும் கேட்கிறாப்போல் சொன்னார், "உன் தங்கச்சிகிட்ட சொல்லிடு மார்லிஸ். வாரியத்துக்கு எழுதப்போறேன். அவளுக்கு லைசென்ஸ் வராம பண்றேனா இல்லையா பாரு. கிறிஸ்துமஸ்ல என் மூஞ்சியைப் பாக்கக் கூசினாளே, அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்."

ஸீக்லரும் வந்தார். "சீட்டுக்காரன் கதையில இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு"ன்னு ஆரம்பித்தார். கொதிக்கிற காபிக் கெட்டிலோடு அவர் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தேன். ஊற்றவில்லை, தரையைத் துடைக்கப்போவது நான்தானே. "பால் பொங்குது"ன்னு கத்திக் கதையை நிறுத்தினேன். கடையில் பாலே காய்ச்சவில்லை.

ஆனால் சும்மா விடப்போவதில்லை. லிம்பர்கர் பாலாடைக்கட்டி தெரியும் அல்லவா, செத்த எலி மாதிரி நாறுமே? ஒரு கட்டியை அந்தக் குடில் அடுப்புக்குப் பின்னால் வைத்தால் எப்படி?

மார்லிஸ்


பிஸ்மார்க்
பிப்ரவரி 9, 2008

அக்கா,

அவர் குடில் பக்கம் போகாதே. வாரியம் என் நடத்தையையும் பார்க்கும். எனக்காக யாரிடமும் போய்ப் பேசவும் கூடாது. நீ கேட்டால் நான் கேட்டதாகத்தான் ஆகும்.

எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதே. தினமும் காலையில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறேன். போன வாரம் நீ அனுப்பிய கூகன் கேக்கில் பாதியை வெட்டி அவர் மேசையில் வைத்தேன். "உங்க ஊர் கஸ்டர்டே தனி"ன்னு விரலை நக்கினார். சாப்பிடட்டும். என் நிதானத்தையும் முடிவெடுக்கும் திறமையையும் நம்பலாம் என்று அவர் தன் கைப்பட எழுதித் தரட்டும். மை காய்ந்ததும் அதே நிதானத்தோடு உட்கார்ந்து அவர் மேல் புகார் எழுதுவேன். அவர் விழும்போது நான் நின்றுகொண்டிருக்க வேண்டும், அக்கா. அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

மார்ச் வரை பொறு.

கோரின்


நியூஹைம்
பிப்ரவரி 18, 2008

கோரின்,

உன் தடை உத்தரவு வந்து சேருவதற்குள் பாலாடைக்கட்டி போய்ச் சேர்ந்துவிட்டது. நான் என்ன செய்ய, தபால்காரனைக் கேள். போன வாரம் ஸீக்லர் கடைக்குள் வந்ததும் இரண்டு மேசை காலியானது. "உள்ள ஏதோ செத்துக் கிடக்குது, என்னன்னே தெரியல"ன்னார். "மனசாட்சியா இருக்கும், அடுப்புக்குப் பின்னால பாருங்க"ன்னு வாய் வரை வந்தது. மென்று முழுங்கிவிட்டேன்.

தமாஷ் அவ்வளவுதான். இனிமேல் சண்டை.

மார்ச் வரை பொறு என்கிறாய். நீ பொறுக்கலாம், சூடான அறையில் உட்கார்ந்திருக்கிறாய். நடக்கிறவர் காது பொறுக்குமா? ஸீக்லர் நாலு பேர் சிரிப்புக்காக அவரை விற்றான். நீ ஒரு கையெழுத்துக்காக அவரைக் காக்க வைக்கிறாய். இதில் எது பெரிய படிப்பு என்று எனக்கு விளங்கவில்லை, டாக்டரம்மா. அந்த ஆளைப் பழிவாங்க வேண்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் உன் சௌகரியத்துக்கு நாள் குறித்துக்கொண்டு செய்தால் அது உனக்கான விருந்து. அடிபட்டவனுக்கு அதில் ஒரு கரண்டி கூடக் கிடையாது.

நீ சொன்னபடி உனக்காக யாரிடமும் பேசவில்லை. பின்வாசலில் நின்ற ஒருத்தரிடம் பொதுவாக ஒன்று சொன்னேன். "மனசு டாக்டருங்க வெளியில முதல்ல பேசக் கூடாதாம். கூச்சமும் இல்ல, திமிரும் இல்ல, அது அவங்க சட்டமாம். பேச்சு வேணும்னா நாமதான் ஆரம்பிக்கணுமாம்." அதற்கு அவர், "எவன் போட்ட சட்டம் அது? மாடு கூட ஆளைப் பாத்தா முதல்ல கத்தும்"ன்னுட்டுப் போய்விட்டார்.

ஆல்வின் மாமா நேற்றுக் காலமானார். சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர், ஜெயிக்கிற கையோடு சாய்ந்துவிட்டார். சனிக்கிழமை அடக்கம். வா.

மார்லிஸ்


பிஸ்மார்க்
மார்ச் 3, 2008

அக்கா,

அடக்கம் முடிந்த சாப்பாட்டின்போது சர்ச் சமையலறை ஜன்னலில் நீ மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அதனால் நீ பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து, "என்னம்மா, காபி கசக்குதா?" என்றார். கசக்கிறது என்றேன். வெளியே போய் ஒரு டிரக் பக்கத்தில் நின்று பேசினோம். என்ன பேசினோம் என்பது உனக்குக் கிடையாது. அவருக்கு நான் சொல்லக் கடமைப்பட்டதைச் சொன்னேன். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை ஸீக்லர் அறைக்குப் போனேன். உன் கடிதம் பையில் இருந்தது. நியூஹைமில் அவர் சொன்ன கதையைப் பற்றிக் கேட்டேன்.

"பேர் சொன்னேனா? சொல்லலியே."

"முந்நூறு பேர் ஊருக்குப் பேர் எதுக்கு டாக்டர்?"

"சாப்பாட்டு மேசையில பேசினதுக்கெல்லாம் இப்படி மூஞ்சியைத் தூக்கினா இந்தத் தொழில்ல நீ நிலைக்க மாட்டே, கோரின். உன் பேப்பர் இன்னும் இங்கதான் இருக்கு. நல்லா யோசிச்சுட்டு வா."

"யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

அன்று மாலையே என் பேப்பரில் இப்படி எழுதி வாரியத்துக்கு அனுப்பிவிட்டார்: தனியாகத் தொழில் செய்ய இவருக்குத் தகுதியில்லை. ஒரு வருஷ உழைப்பு அந்த ஒரு வரியில் போயிற்று.

அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை, பசித்தது. ஒரு கடைக்குப் போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். காலியாகக் கிடந்த புதன்கிழமைகள் என்னுடையவை, அவற்றைச் சொல்ல யார் அனுமதியும் எனக்கு வேண்டாம். அதை மட்டும் வாரியத்துக்கு எழுதிவிட்டேன். மற்றதைச் சொல்லும் உரிமை வேறொருவருடையது.

மைனாட் நகரத்தில் டாக்டர் ரூத் ஸோல்பர்க் என்பவர் என்னை எடுத்துக்கொள்கிறார். தேர்வுகள் செல்லும். பயிற்சி மட்டும் முதலிலிருந்து. இந்த வருஷத்தையும் அந்த ஆள் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.

கோரின்


நியூஹைம்
ஏப்ரல் 7, 2008

என் தங்கமே,

உன்னைத் திட்டி எழுதிய கையாலேயே இன்றைக்கு உனக்கு ஒரு தித்திப்புச் செய்தி.

மார்ச் நடுவுக்குள் ஏரியிலிருந்து எல்லாக் குடிலையும் இழுத்துவிட வேண்டும் என்பது சட்டம், உனக்குத் தெரியும். சங்கிலியும் அதைச் சுற்றி இழுக்கிற உருளையும் ஊரில் ஒரே டிரக்கில்தான் இருக்கிறது. சூப்பை மிச்சம் வைத்தவர் அந்த டிரக்கைத் திரும்ப எடுத்தார். ஒவ்வொரு குடிலாக இழுத்துக் கரையேற்றினார். சிவப்புக் குடிலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று, கையுறையைக் கழற்றி, மூக்கைச் சிந்திவிட்டு, திரும்பிப் போய்விட்டார்.

ஸீக்லர் கடைக்குப் போன் போட்டார். "மார்லிஸ், யாரையாவது அனுப்பிக் குடிலை இழுத்து விடச் சொல்லேன்."

"பாருங்க டாக்டர், இங்க ஒருத்தரும் சும்மா இல்ல."

"அப்படி என்ன வேலை?"

"எல்லாரும் காபி குடிச்சிட்டிருக்காங்க."

பனி இளகியது. ஒருநாள் மதியம் குடில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கூரை வரை உள்ளே போனது. ஊரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தது. நான் கூகன் கொண்டு போனேன். யாரும் கை தட்டவில்லை, நமக்கு மரியாதை தெரியும். மறுநாள் ஏரிக் காவலர் வந்து அபராதச் சீட்டு எழுதினார். குடிலைக் கிரேன் வைத்துத் தூக்கும்போது பாலாடைக்கட்டி இன்னும் நாறியதாகக் கேள்வி.

போதுமா என்று சூப்பை மிச்சம் வைத்தவரைக் கேட்டேன். "இது குடிலுக்கு. ஆளுக்கு இன்னும் இருக்கு"ன்னார்.

மார்லிஸ்


மைனாட்
மே 12, 2008

அக்கா,

வாரியம் உன்னைச் சாட்சியாக அழைக்கும். வேறொருவர் கொடுத்த புகாரில் உன் பெயர் இருக்கிறது. நான் கொடுத்ததில் இல்லை. கேட்டதைக் கேட்டபடி சொல். மசாலா சேர்க்காதே. பாலாடைக்கட்டியைப் பற்றிக் கேட்டால் அதற்கும் உண்மைதான் சொல்ல வேண்டும்.

கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கோரின்


நியூஹைம்
ஜூலை 2, 2008

கோரின்,

உன் விசாரணை முடிந்து நீ மைனாட்டுக்குக் கிளம்பிப் போன பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். தீர்ப்பு வரட்டும் என்று எழுதாமல் இருந்தேன். இன்றைக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து படி.

சாவு வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். தலைவி அம்மாள், "நினைவு இருக்கிறபடி சொல்லுங்க"ன்னாள். எழுந்து நின்று, ஸீக்லர் குரலில், ஸீக்லர் புருவத்தை ஏற்றி, சொல்லுக்குச் சொல் சொன்னேன். அந்த அறையில் ஒரு ஈ கூடச் சிரிக்கவில்லை. ஸீக்லர் தன் கதையைத் தானே கேட்டார். காது சிவந்தது.

அவருடைய வக்கீல், மெலிந்த ஆள், எழுந்தான். "நீங்க சிரிச்சீங்களா அம்மா?"

"சிரிச்சேன் சார். நல்லா சொல்றாரு. அதனாலதானே மறக்கல."

"பேர் ஏதாவது சொன்னாரா?"

"இல்லை."

"அப்படின்னா அது வெறும் கற்பனையா இருக்கலாமே? அப்படி ஒரு ஆளே இல்லாம இருக்கலாமே? புகார் கொடுத்தவர் அதைத் தன்னைப் பத்தின்னு தப்பா எடுத்துக்கிட்டிருக்கலாமே?"

பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சொல்லலாம் என்று வாரியம் முன்னாலேயே சொல்லியிருந்தது. அவர் வேண்டாம் என்றிருந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இருக்கான் சார். பேரு மைலோ ஹாய்பெல். அவ பேரு டெலோரஸ். சூடு மூணாவது புள்ளிதான், அதுக்கு மேல வெச்சா அவளுக்கு ஒத்துக்காது. இதை நான் என் பிள்ளைங்ககிட்டக் கூடச் சொல்லல. ஒரே ஒரு அறையில சொன்னேன். அது எப்படி என் சூப்புக்குப் பக்கத்துல வந்துச்சுன்னு இந்த ஆளைக் கேளுங்க. இவன் அதை ஒளிச்சுச் சொல்லி ஊரைச் சிரிக்க வெச்சான். நான் வெளிச்சத்துல சொல்றேன். இப்ப எவன் சிரிக்கறான் பாக்கலாம்."

ஸீக்லர் அண்ணாந்து பார்த்தார், கோரின். நீ ஆசைப்பட்டாயே, அப்படியே. நீ அங்கே இல்லை. அதனால் உனக்காகவும் சேர்த்து நான் பார்த்தேன்.

தீர்ப்பு இதுதான். ஆறு மாதம் அவர் தொழில் செய்யக் கூடாது. அப்புறம் ஒரு வருஷம், வாரா வாரம் லைசென்ஸ் உள்ள வேறொருவர் முன்னால் முழுசாக ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வாரம் கணக்கில் சேரும். படித்ததும் மைலோ இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். இனிமேல் பெயரை எழுதலாம் அல்லவா? மைலோ, மைலோ, மைலோ.

மார்லிஸ்


நியூஹைம்
நவம்பர் 16, 2009

அடி லைசென்ஸ்காரி,

மே மாதம் உனக்கு அது வந்ததிலிருந்து கடைக்கு வருகிற எவனையும் நான் சொல்லாமல் விட்டதில்லை. போன வாரம் வழி கேட்க நின்ற லாரிக்காரனுக்கும் சொல்லியாயிற்று.

ஒன்று கேள்விப்பட்டேன். பிஸ்மார்க்கில் ஒருத்தரும் அந்த வார மணி நேரத்துக்கு ஒத்துக்கொள்ளாமல், ஸீக்லர் ஒவ்வொரு புதனும் மைனாட்டுக்கு உங்கள் ஸோல்பர்க் அம்மாளிடம் வருகிறாராமே? உன் வாசலைத் தாண்டியா போகிறார்? எப்படி இருக்கிறார்? இளைத்தாரா? ஒன்று விடாமல் எழுது. வெள்ளிக்கிழமை நீ வருகிற வரைக்கும் எனக்குத் தாங்காது.

மார்லிஸ்


மைனாட்
நவம்பர் 18, 2009

அக்கா,

உன் கடிதம் வந்த கையோடு எழுதுகிறேன். இன்றைக்குப் புதன்.

டாக்டர் ஸோல்பர்க் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இன்று உட்காராவிட்டால் ஸீக்லருக்கு இந்த வாரம் கணக்கில் சேராது. கட்டிடத்தில் உரிமம் உள்ளவள் நான் ஒருத்திதான். வாரியத்துக்குப் போன் செய்து, நான் யார் என்பதையும் சொன்னேன். அவருக்கு ஆட்சேபம் இல்லை என்றால் ஒரு வாரம் மட்டும் பரவாயில்லை என்றார்கள். நியாயமாகப் பார்த்தால் நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

உள்ளே வந்தவர் கோட்டைக் கழற்றவில்லை. "நமக்குள்ள என்ன கோரின். பனி கொட்டுது, ரோடு மோசம். கையெழுத்தைப் போட்டுக் குடு, நான் கிளம்பறேன்."

"உக்காருங்க டாக்டர். ஒரு மணி நேரம் இருக்கு."

தான் பார்க்கிறவர்களைப் பற்றிக் கால் மணியில் ஒப்பித்து முடித்தார். நான் ஒன்றும் பேசவில்லை. எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் மனிதன் தாங்க மாட்டான், தானாகவே தன்னைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சொல்லிக்கொடுத்தவருக்கும் அது தாங்கவில்லை. வீட்டைப் பற்றி ஆரம்பித்தார்.

என்ன சொன்னார் என்பதை எழுத மாட்டேன். இவ்வளவு சொல்லலாம்: நீ கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, புருவத்தை ஏற்றி, அவர் குரலில் சொன்னால் ஊர் மூன்று குளிர்காலத்துக்குச் சிரிக்கும். என் நாக்கு நுனியில் கிடக்கிறது. அங்கேயே கிடக்கும்.

மணி நேரம் முடிந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"உங்க அக்கா இன்னும் அந்தக் கடையை வெச்சிருக்காளா?"

"வெச்சிருக்கா, டாக்டர். வெள்ளிக்கிழமை அங்கதான் போறேன்."

அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவர் முகத்திலிருந்து நிறம் இறங்குவதை உட்கார்ந்தபடி பார்த்தேன். நான் வெளியே சொல்லக் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும். பெயரைச் சொல்லாமலே அந்த விதியை ஒரு மனிதன் எப்படியெல்லாம் வளைக்கலாம் என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கார் வெகுநேரம் கிளம்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். கூகன் எடுத்து வை. அவரைப் பற்றி ஒன்றும் கேட்காதே.

கோரின்